செவ்வாயின் பனிக்குள் புகும் ராடார்

விமானங்களில் ரேடியோ உயரமானி என்றொரு கருவி உண்டு. கீழ்நோக்கி ரேடியோ அலைகளை அனுப்பி, அவை தரையில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து, விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதை அது காட்டும். காட்டுக்கும் வயலுக்கும் கடலுக்கும் மேலே இக்கருவி நம்பிக்கைக்குரியது. ஆனால் அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் பரந்து கிடக்கும் பனிப்பரப்புகளின் மேல் பறந்த விமானிகளை இது ஏமாற்றியது. உண்மையான உயரத்தைவிட மிகுதியான உயரத்தைக் காட்டியது. தரை இன்னும் தொலைவில் இருக்கிறது என்று நம்பித் தாழப் பறப்பவனின் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கருவியில் பழுது ஏதும் இல்லை. அலைகள் பனியின் மேற்பரப்போடு நின்றுவிடாமல் உள்ளே புகுந்து, அடியிலுள்ள பாறையில் பட்டு மீண்டன, அவ்வளவுதான். விமானிக்கு ஆபத்தாயிருந்த இப்பிழை பனி ஆராய்ச்சியாளருக்கு வரப்பிரசாதம் ஆயிற்று. அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த அமோரி வெயிட் 1950களின் பிற்பகுதியில் இதைச் சோதித்துக் காட்டினார். கேம்பிரிட்ஜிலுள்ள ஸ்காட் துருவ ஆய்வு நிலையத்தில் ஸ்டான்லி எவன்ஸ் என்பவர் 1960களில் இதற்கெனவே 35 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் கருவி ஒன்றை அமைத்தார். அதன் பின்னர் அண்டார்டிகாவின் பனியைத் துளையிடாமலேயே, விமானத்தில் உட்கார்ந்தபடி, அதன் கனத்தை அளக்க முடிந்தது.

இதே உத்தியை இன்னொரு கிரகத்தின் பனியில் கையாண்டால் என்ன?

செவ்வாயின் இரு துருவங்களிலும் வெண்மையான பனிக் குல்லாய்கள் இருப்பதைத் தொலைநோக்கி வழியே மனிதர் நெடுங்காலமாகக் கண்டு வந்துள்ளனர். கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1672ஆம் ஆண்டிலேயே தென்துருவத்தின் வெண்திட்டை வரைந்து வைத்தார். 1972இல் மரினர் 9 விண்கலம் அனுப்பிய படங்களில்தான் ஒரு புதிய செய்தி வெளிப்பட்டது. பனியின் ஓரச் சரிவுகளில், அடுக்கி வைத்த புத்தகங்களின் விளிம்பைப் போல, கறுப்பும் வெளுப்புமாக எண்ணற்ற வரிகள் தென்பட்டன. பனியும் தூசியும் மாறி மாறிப் படிந்து உண்டான அடுக்குகள் அவை. தூசி மிகுந்த காலத்தில் கருமையான அடுக்கும், குறைந்த காலத்தில் வெளிறிய அடுக்கும் படிந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்தக் கிரகத்தின் தட்பவெப்ப வரலாறு முழுவதும் அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நிழற்படக் கருவியால் ஓரத்தை மட்டுமே காண முடியும். உள்ளே அந்த அடுக்குகள் எப்படிச் செல்கின்றன, எவ்வளவு ஆழம் செல்கின்றன என்பதை அறிய ராடார்தான் வேண்டும்.

பனி ஏன் வழிவிடுகிறது?

ரேடியோ அலை மின்சாரத்தைக் கடத்தும் பொருளுக்குள் புகுந்தால், அங்குள்ள மின்னூட்டங்களை அசைத்தே தன் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே உப்பு நீர் அதற்கு ஒரு சுவர். உறைந்த தூய பனியிலோ அசையக்கூடிய மின்னூட்டங்கள் மிகக் குறைவு. குளிர் கூடக் கூட இன்னும் குறைவு. செவ்வாயின் துருவம் பூமியின் துருவத்தைவிட மிகக் குளிர்ந்தது. ஆதலால் அங்குள்ள பனி ரேடியோ அலைக்குக் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி.

எனினும் முற்றிலும் தடையில்லாத பாதை அன்று. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும் எல்லையில் அலையின் ஒரு பகுதி திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்களைப் பொறுத்தது. ரேடியோ அலைகளுக்குப் பனியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.78. நேர்குத்தாக விழும் அலையில் எவ்வளவு மீளும் என்பதற்கு மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் போடக்கூடிய எளிய கணக்கு உண்டு: இரு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வந்த விடையை வர்க்கப்படுத்த வேண்டும். வெட்டவெளியிலிருந்து பனிக்குள் நுழையும்போது இது சுமார் 8 சதவீதம். மீதி 92 சதவீதம் உள்ளே போகிறது. பனியின் அடியில் சாதாரணப் பாறை இருந்தால், அங்கு வந்து சேரும் அலையில் 5 சதவீத அளவே திரும்பும். பாறைக்குப் பதிலாக அங்கே திரவ நிலையில் நீர் இருந்தால்? நீரின் ஒளிவிலகல் எண் இந்த அலைகளுக்கு 9 அளவில் இருப்பதால், 45 சதவீதம் திரும்பிவிடும். இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எழுந்த பெரிய வழக்கு ஒன்றுக்கு இதுவே மூலகாரணம்.

தூய பனிக்கும் சற்றுத் தூசி கலந்த பனிக்கும் இடையிலுள்ள எல்லையில் மீள்வது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த அற்ப மீட்சியைத்தான் 300 கி.மீ. உயரத்திலிருந்து பிடிக்க வேண்டும்.

ஆழத்தை எப்படிக் கணக்கிடுவது? கருவி அளப்பது நேரத்தையே அன்றித் தூரத்தை அன்று. மேற்பரப்பிலிருந்து ஒரு எதிரலை வருகிறது. 24 மைக்ரோ விநாடி கழித்து அடிப்பாறையிலிருந்து இன்னொன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அலை வெட்டவெளியின் வேகத்தில் சென்றதாக எண்ணினால் ஆழம் 3.6 கி.மீ. என்று வரும். ஆனால் பனிக்குள் அலையின் வேகம் விநாடிக்கு 3,00,000 கி.மீ. அன்று, அதை 1.78ஆல் வகுத்தால் வரும் சுமார் 1,69,000 கி.மீ. தான். ஆகவே உண்மை ஆழம் 2 கி.மீ. மட்டுமே. அந்தப் பழைய விமானிகளை ஏமாற்றியதில் இந்த வேகக் குறைவுக்கும் பங்கு உண்டு. எந்தப் பொருளுக்குள் அலை செல்கிறது என்பது தெரியாமல் ஆழத்தைச் சொல்ல இயலாது என்பதே இதிலிருந்து பெறப்படும் செய்தி.

திறக்க அஞ்சிய கைகள்

செவ்வாய்க்குச் சென்ற இத்தகைய முதல் ராடாரின் பெயர் மார்சிஸ். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் இதைச் சுமந்துகொண்டு 2003 ஜூனில் புறப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. மார்சிஸ் 1.3 முதல் 5.5 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைக் கையாளுவது. இவ்வளவு நீண்ட அலைகளுக்கு ஆன்டெனாவும் நீண்டதாக இருந்தாக வேண்டும். கண்ணாடி இழையாலான 20 மீட்டர் நீளக் குழாய்கள் இரண்டைத் தட்டையாக மடித்து ஒரு பெட்டிக்குள் திணித்து வைத்திருந்தனர். பெட்டியைத் திறந்தால் அவை தாமாகவே விறைத்து நீளும் என்பது ஏற்பாடு.

ஆனால் திறப்பதற்கு முன் கணிப்பொறியில் செய்த பாவனைச் சோதனைகள் ஓர் அச்சத்தை எழுப்பின. குழாய்கள் நீளும் வேகத்தில் சாட்டையைப் போலச் சுழன்று விண்கலத்தையே அடித்துவிடலாம்! மற்றக் கருவிகள் எல்லாம் செவ்வனே இயங்கிக்கொண்டிருக்கும் கலத்தை, ஒரு கருவிக்காகப் பணயம் வைப்பதா? 2004 ஏப்ரலில் நடக்க வேண்டியது ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போயிற்று.

கடைசியில் 2005 மே 4ஆம் நாள் முதற்குழாயைத் திறந்தனர். அதன் 13 துண்டுகளில் 12 விறைத்து நின்றன. பத்தாவது துண்டு மட்டும் சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. நெடுங்காலம் கடுங்குளிரில் மடிந்து கிடந்ததால் குழாயின் பொருள் இறுகிப் போயிருக்கும் என்று பொறியியலார் ஊகித்தனர். குளிர்ந்த பக்கம் வெயிலில் காயும்படி விண்கலத்தையே திருப்பி வைத்தனர். சூடேறி விரிந்த துண்டு நேராகிப் பூட்டிக்கொண்டது. ஒரு வாரம் கழியுமுன் முதற்குழாய் ஒழுங்காயிற்று. ஜூனில் எஞ்சியவையும் விரிந்தன. பல கோடி செலவில் செய்த கருவியைக் காப்பாற்றியது கடைசியில் வெயிலில் காய வைக்கும் வைத்தியம்தான்!

இரண்டாவது ராடார் ஷராட். இத்தாலிய விண்வெளி அமைப்பு அளித்த இக்கருவி, அமெரிக்காவின் மார்ஸ் ரிகானைசன்ஸ் ஆர்பிட்டர் என்ற கலத்தில் 2005 ஆகஸ்டில் புறப்பட்டு 2006 மார்ச்சில் செவ்வாயை அடைந்தது. இதன் அதிர்வெண் 15 முதல் 25 மெகா ஹெர்ட்ஸ். ஆன்டெனா 10 மீட்டர். ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் எதற்கு என்று கேட்கலாம். அதிர்வெண் குறைந்த அலை ஆழமாகப் புகும். ஆனால் நுணுக்கம் குறைவு. மார்சிஸ் பனிக்குள் சுமார் 85 மீட்டர் இடைவெளியுள்ள எல்லைகளைத்தான் பிரித்துக் காட்டும். ஷராட் அவ்வளவு ஆழம் போகாது. ஆனால் 10 மீட்டருக்கும் குறைந்த இடைவெளியைப் பிரித்தறியும். மேலும் செவ்வாயின் பகற்பொழுதில் சூரிய ஒளியால் உண்டாகும் அயனி மண்டலம் 3 மெகா ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட அலைகளை உள்ளே விடாமல் திருப்பிவிடும். ஆகவே மார்சிஸுக்கு இரவுதான் உகந்த வேளை.

நீண்ட துடிப்பும் நுண்ணிய அளவும்

ஷராட் அனுப்பும் ஒவ்வொரு துடிப்பும் 85 மைக்ரோ விநாடி நீடிக்கிறது. இந்த நேரத்தில் அலை 25 கி.மீ. சென்றுவிடும். 25 கி.மீ. நீளமுள்ள கோலைக்கொண்டு 10 மீட்டரை அளப்பது எங்ஙனம்? துடிப்பைக் குறுக்கினால் நுணுக்கம் கிடைக்கும். ஆனால் 10 வாட் திறனுள்ள சிறு ஒலிபரப்பியின் குறுகிய துடிப்பில் ஆற்றலே இராது. இதற்கு அழகான வழி ஒன்று உண்டு. நாதசுரக்காரர் ஒரு சுரத்திலிருந்து கீழ்ச்சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே இறங்குவது போல, துடிப்பின் அதிர்வெண்ணை 25இலிருந்து 15 மெகா ஹெர்ட்சுக்கு இறங்கச் செய்கின்றனர். அடுத்தடுத்த அடுக்குகளிலிருந்து மீளும் எதிரலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கலந்தே வந்து சேரும். ஆனால் ஒவ்வொன்றிலும் அதே இறக்கம் பதிந்திருக்கிறது. கணிப்பொறி, அனுப்பிய துடிப்பின் பிரதியை வந்த பதிவின் மீது சிறிது சிறிதாக நகர்த்திப் பார்க்கும். இறக்கமும் இறக்கமும் இம்மி பிசகாமல் பொருந்தும் கணத்தில் மட்டும் ஓர் ஊசி முனை எழும். அந்த ஊசியின் அகலம் துடிப்பின் நீளத்தைச் சார்ந்ததன்று. அதிர்வெண் எவ்வளவு இறங்கியது என்பதையே சார்ந்தது. இதனால் 85 மைக்ரோ விநாடி, பத்தில் ஒரு மைக்ரோ விநாடியாகச் சுருங்குகிறது. பௌதிகத்தில் கணிதம் செய்யும் இத்தகைய உதவிகளைக் காணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இன்னொரு தொல்லை, பக்கத்துக் குன்றுகள். அலை நேர்கீழே மட்டும் செல்வதில்லை, நாற்புறமும் பரவுகிறது. கலம் 300 கி.மீ. உயரத்தில் இருக்க, பாதைக்குப் பக்கவாட்டில் 35 கி.மீ. தள்ளி ஒரு குன்றின் சரிவு இருப்பதாகக் கொள்வோம். பிதாகரஸ் தேற்றப்படி அதன் தூரம் 302 கி.மீ. அதிலிருந்து வரும் எதிரலை, நேர்கீழேயுள்ள மேற்பரப்பின் எதிரலைக்குச் சற்றுப் பின்னால் வந்து, பனிக்குள் 1 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்தில் ஏதோ இருப்பது போல் நடிக்கும். இந்தப் போலிகளைக் களைவதற்கு, மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் லேசர் கொண்டு அளந்த மேடுபள்ளப் படம் துணை நின்றது. அந்தப் படத்தைக்கொண்டு மேற்பரப்பிலிருந்து மட்டும் என்னென்ன எதிரலைகள் வரும் என்பதைக் கணக்கிட்டு, உண்மைப் பதிவோடு ஒப்பிடுகின்றனர். கணக்கில் இல்லாமல் பதிவில் மட்டும் இருப்பதே பனிக்குள்ளிருந்து வந்தது.

பனி சொன்ன செய்திகள்

2007இல் வெளியான மார்சிஸ் முடிவுகளின்படி, தென்துருவ அடுக்குகளின் கனம் சில இடங்களில் 3.7 கி.மீ. அவற்றின் கன அளவு 16 இலட்சம் கன கிலோமீட்டர். அங்குள்ள நீரை உருக்கிச் செவ்வாய் முழுவதும் பரப்பினால் 11 மீட்டர் ஆழம் நிற்கும். வடதுருவத்தில் ஷராட் அளந்தது சுமார் 8 இலட்சம் கன கிலோமீட்டர். கனம் 2 கி.மீ. அளவு.

வடதுருவத்தில் பனியின் அடித்தளம் எப்படி இருக்கிறது என்பதே ஆய்வாளர்களை வியக்க வைத்தது. கிரீன்லாந்தின் பனி தன் பாரத்தால் நடுப்பகுதிப் பாறையைக் கடல் மட்டத்துக்கும் கீழே அமிழ்த்தியிருக்கிறது. செவ்வாயில் 2 கி.மீ. பனி 1,000 கி.மீ. அகலத்துக்கு உட்கார்ந்திருந்தும் தரை 100 மீட்டர்கூட வளையவில்லை என்று 2008இல் ரோஜர் பிலிப்ஸ் குழுவினர் அறிவித்தனர். அவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டுமானால் அங்கே குளிர்ந்த கடினமான மேலோடு 300 கி.மீ.க்கு மேல் கனத்திருக்க வேண்டும். பனியை அளக்கப் போனவர்களுக்குக் கிரகத்தின் உள்வெப்பம் பற்றிய செய்தி கிடைத்தது!

அதே ஆய்வில், வடதுருவ அடுக்குகள் ஒரே சீராக இல்லாமல் நான்கு கட்டுகளாகப் பிரிந்திருப்பதும் தெரிந்தது. வரிகள் நெருங்கிய ஒரு கட்டு, பின்னர் வரியற்ற ஓர் இடைவெளி, மீண்டும் ஒரு கட்டு என்ற ஒழுங்கு அது. இதற்கும் செவ்வாயின் அச்சுச் சாய்வுக்கும் தொடர்பு உண்டு என்று கருதுகின்றனர். பூமியின் சாய்வு 22 முதல் 24.5 பாகை வரை மட்டுமே மாறும்; பெரிய சந்திரன் ஒன்று நம்மைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. செவ்வாய்க்கு அத்தகைய துணை இல்லை. இப்போது 25 பாகையாக உள்ள அதன் சாய்வு, சுமார் 1,20,000 ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் வீச்சும் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கால அளவில் கூடிக் குறைகிறது. கடந்த ஒரு கோடி ஆண்டில் சாய்வு 15 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையே ஊசலாடியிருப்பதாகக் கணக்குகள் கூறுகின்றன. சாய்வு மிகும்போது துருவம் வெயிலை வாங்கிப் பனியை இழக்கும். அந்த நீராவி நடுப்பகுதிகளில் போய் உறையும். சாய்வு குறையும்போது பனி துருவத்துக்கே திரும்பும். சுமார் 3,70,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்த கடைசிப் பனியுகத்துக்குப் பின்னர் துருவங்களில் சேர்ந்த பனி 87,000 கன கிலோமீட்டர் என்று 2016இல் ஷராட் பதிவுகளிலிருந்து கணக்கிட்டனர்.

தென்துருவத்தில் இன்னொரு புதையல். சில இடங்களில் மேற்பரப்புக்குக் கீழே வரிகளே இல்லாத ஒரு பகுதி தென்பட்டது. அது நீர்ப்பனி என்று கொண்டு ஆழத்தைக் கணக்கிட்டால், மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் எல்லாம் அடிப்பரப்பிலும் நிழல் போலத் தெரிந்தன. இது இயற்கைக்கு ஒவ்வாதது. தவறான வேகத்தைக் கொண்டு கணக்கிட்டதன் அடையாளம். அலை விநாடிக்கு 2,00,000 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் சென்றதாகக் கொண்டதும் அந்தப் பொய் நிழல் மறைந்தது. அந்த வேகம் உறைந்த கரியமில வாயுவுக்கு உரியது. செவ்வாயின் வாயு மண்டலத்தில் இன்றுள்ள அளவில் பெரும்பகுதிக்குச் சமமான கரியமில வாயு அங்கே புதைந்திருக்கிறது என்று 2011இல் அறிந்தோம். சாய்வு மிகுந்து அது ஆவியானால், அந்தக் கிரகத்தின் காற்றழுத்தமே ஏறக்குறைய இருமடங்காகிவிடும்.

ஏரியா, களிமண்ணா?

முன்பு குறிப்பிட்ட வழக்குக்கு வருவோம். இத்தாலியைச் சேர்ந்த ரொபெர்ட்டோ ஒரோசெய் குழுவினர் 2018இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டனர். தென்துருவச் சமவெளியில் 1.5 கி.மீ. பனிக்கு அடியில், 20 கி.மீ. அகலமுள்ள ஓரிடம், மேற்பரப்பைவிடப் பளிச்சென்று மார்சிஸ் அலைகளைத் திருப்புகிறது. 2012 முதல் 2015 வரை அவ்விடத்தைக் கடந்தபோதெல்லாம் அப்படியே. ஆதலின் அது திரவ நீர் என்றனர். பாறையானால் 5, நீரானால் 45 என்ற நம் கணக்கை வைத்துப் பார்த்தால் வாதம் வலுவானதே. உலகப் பத்திரிகைகள் எல்லாம் 'செவ்வாயில் ஏரி' என்று எழுதின. நீர் இருக்குமிடத்தில் உயிர் இருக்கலாம் என்பதால் ஆவலுக்குக் கேட்பானேன்?

ஆனால் அந்த ஆழத்தில் வெப்பநிலை மைனஸ் 68 பாகை அளவு. நீர் உறையாதிருக்க வேண்டுமானால் பெர்குளோரேட் போன்ற உப்பு அபரிமிதமாகக் கலந்திருக்க வேண்டும். அதுவும் போதாமல் கீழிருந்து வெப்பமும் வர வேண்டும் என்று சிலர் காட்டினர். 2021இல் இதே போன்ற பளிச்சிடும் இடங்கள் பல வெளிப்பட்டன. அவற்றுள் சில, எந்த உப்பு நீரும் உறைந்துபோகும் அளவு குளிர்ந்த பகுதிகள். குளிர்ந்த நிலையில் சிலவகைக் களிமண்ணும் இவ்வளவு அலையைத் திருப்பும் என்றது ஒரு குழு. கார்னெல் பல்கலைக்கழகத்தார் வேறொரு வழி கூறினர். மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெய்ப் படலம் வண்ணம் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். படலத்தின் இரு பரப்புகளிலிருந்தும் மீளும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடிப் பளிச்சிடுவதே காரணம். ராடாரால் பிரித்தறிய முடியாத மெல்லிய பனியடுக்குகளிலும் அவ்வாறே ரேடியோ அலைகள் கூடிவிடலாம். அடியில் நீரே தேவையில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அறிவியலில் பிடித்தமான வாதங்கள் இத்தகையவை. யாரும் அளவீட்டை மறுக்கவில்லை. அதன் பொருளைத்தான் மறுக்கின்றனர்.

ஷராட் இதற்குச் சாட்சி சொல்ல முடியாமல் இருந்தது. அதன் அலைகள் அவ்விடத்தில் அடித்தளம் வரை எட்டவில்லை. ஆன்டெனா கலத்தின் மறுபுறத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், கலத்தின் உடலே அலையை ஓரளவு மறைக்கிறது. வழக்கமாகக் கலத்தை 28 பாகை வரை சாய்ப்பார்கள். 2025 மே மாதத்தில் அதைத் துணிந்து 120 பாகை புரட்டினர். அலையின் வலிமை பலமடங்கு கூடி, முதன்முறையாக அந்த அடித்தளத்திலிருந்து ஷராடுக்கு எதிரலை கிடைத்தது. கிடைத்ததோ மிக மங்கிய எதிரலை. நீர்ப்பரப்பு இருந்தால் வர வேண்டிய பளிச்சென்ற எதிரலை இல்லை. நீர் என்ற கட்சிக்கு இது பெரும் பின்னடைவு. ஆயினும் மார்சிஸ் ஏன் அவ்விடத்தைப் பளிச்சென்று கண்டது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதே குட்டிக்கரண உத்தியை வேறொரு புதிருக்கும் பயன்படுத்த எண்ணியுள்ளனர். செவ்வாயின் நடுக்கோட்டை ஒட்டி மெடுசா ஃபோசே என்றொரு பரந்த படிவம் உள்ளது. அதன் கனம் 3.7 கி.மீ. வரை இருக்கும் என்று மார்சிஸ் பதிவுகளைக்கொண்டு 2024இல் கணித்தனர். தூசிப் போர்வைக்குக் கீழே புதைந்த பனியாகத் தோன்றுகிறது; எரிமலைச் சாம்பல் என்று கருதுவோரும் உளர். அது பனியேயானால், துருவத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியமின்றி, வெயில் படும் நடுக்கோட்டுக்கு அருகிலேயே ஏராளமான நீர் இருக்கிறது என்று பொருள்.